மெரினாக் குடும்பங்களின் சரக்குக்கப்பல் நோக்கு: ஓர் அறிமுக ஆய்வு

சரக்குக்கப்பல் நோக்கு என்பது, மணலில் அமர்ந்த ஒரு குடும்பம் தனக்கு எவ்விதத் தொடர்பும் இல்லாத ஒரு கப்பலைப் பற்றித் தனக்குள் கருத்து வேறுபடுவதாகும். கப்பல் இல்லாமலும் குடும்பம் கருத்து வேறுபடும் என்பர் ஒரு சாரார் (அம்மா, வாய்மொழி). அது தனி ஆய்வுக்குரியது. சென்னைத் துறைமுகம் வடக்கே அருகில் இருப்பதாலும், உள்ளே இடம் கிடைக்கும்வரை கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டுக் காத்திருப்பதாலும் மெரினாவில் நோக்குபொருளுக்குப் பஞ்சமில்லை.

இந்நோக்கின் தொன்மை எளிதில் நிறுவத்தக்கது. பட்டினப்பாலையில் இரவுச் சுடர்களைப் பரதவர் எண்ணும் செய்தி வருகிறது. அவர்கள் குடும்பத்தோடு உட்கார்ந்து எண்ணினார்கள் என்று பாட்டில் இல்லை, சுண்டலும் இல்லை. ஆயினும் ஒரு வழக்கத்தை 2,000 ஆண்டு பின்னுக்குத் தள்ள ஒரு பாடலடியும் ஒரு மணிவிழா மலரும் போதும் என்பது துறை மரபாதலால், மேலும் சான்று தேடப்படவில்லை.

நோக்குவோரின் கண் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதற்கேற்பத் தொடுவானம் விலகும். கண்ணுயரத்தை மீட்டரில் கொண்டு, அதன் வர்க்கமூலத்தை 3.6ஆல் பெருக்கினால் தொலைவு ஏறக்குறையக் கிலோமீட்டரில் கிடைக்கும். நிற்கும் அப்பாவுக்கு 4.5 கிலோமீட்டர், அவர் தோளில் ஏறிய பிள்ளைக்கு 5க்கும் மேல். ஆகவே சுமப்பவரைவிடச் சுமக்கப்படுபவருக்கே உலகம் அதிகம் தெரிகிறது (தாத்தா, அப்பாவை நோக்கி, இருமுறை). 1977இல் திறக்கப்பட்ட கலங்கரை விளக்கத்தின் மாடத்துக்கு ஏறினால் தொலைவு 20 கிலோமீட்டரைத் தாண்டும். ஆனால் மேலே சுண்டல் கிடையாது.

கப்பல் வகைகளுள் கன்டெய்னர் கப்பலை அடுக்கிய பெட்டிகளால் குழந்தையும் அறியும். 1956இல் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குச் சென்ற ‘ஐடியல் எக்ஸ்’ 58 பெட்டிகளை ஏற்றியது. இன்றைய பெருங்கப்பல்கள் 20 அடிப் பெட்டிக் கணக்கில் 20,000ஐத் தாண்டுகின்றன. கரையிலிருந்து எண்ணத் தொடங்கும் பிள்ளைகள் முப்பதை எட்டுமுன் பஞ்சுமிட்டாய் மணி கேட்கும். கார் ஏற்றும் கப்பல், சன்னல் வைக்க மறந்த கல்யாண மண்டபம். டேங்கர் தட்டையானது.

சரக்கேற்றிய கப்பல் தாழ்ந்து நிற்கும். எவ்வளவு தாழலாம் என்பதற்கு உடலில் கோடு உண்டு. அதை வலியுறுத்தி 1876இல் பிரிட்டனில் சட்டம் வரச் செய்த சாமுவேல் பிளிம்சால் பெயராலேயே அது வழங்குகிறது. வெறுங்கப்பலோ அடிப்பக்கச் சிவப்பு தெரிய உயர்ந்து நிற்கும். பார்ப்போர் அதையே பெரிய கப்பல் என்பர். இவ்விதி கருத்தரங்க மேடைகளுக்கும் பொருந்துமா என்பது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

கொடி: பெரும்பாலும் பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவுகள். உரிமையாளர் வேறு எங்கோ இருப்பார்.

இனி, இத்துறையின் உயிர்நாடியான வினா: கப்பல் போகிறதா, நிற்கிறதா? போகிறது என்போர் நகர்வுவாதிகள். நிற்கிறது என்போர் நிலைவாதிகள். இதைத் தீர்க்கக் கட்டைவிரல் முறை வகுக்கப்பட்டது. ஒரு கண்ணை மூடி, நீட்டிய விரலால் கப்பலை மறைத்து, சற்று நேரம் கழித்து மீண்டும் பார்க்க, கப்பல் வெளியே தெரிந்தால் அது நகர்ந்தது (பெரியப்பா, வாய்மொழி, சுண்டலுக்கு முன்). கப்பல் நகரவில்லை, இடையில் பெரியப்பாதான் சுண்டல்காரரைக் கூப்பிட நகர்ந்தார் என்பது மறுப்பு (சித்தப்பா, ‘விரலும் வாய்மையும்’, சுண்டலுக்குப் பின், நீண்ட மௌனத்தோடு). இரண்டும் தவறு, முதலில் மூடியது இடக்கண், பிறகு மூடியது வலக்கண், கண் மாறினால் விரல் தாவும் என்பது மறுப்புக்கு மறுப்பு (அத்தை, ‘இடக்கண் வலக்கண்: ஒரு மீள்பார்வை’, தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டல் மடித்த தாள், மறுபக்கம், கீழிருந்து மூன்றாம் வரி, மேல் வரிகள் மாங்காயோடு போயின).

உண்மையில் நங்கூரமிட்ட கப்பலும் சும்மா இருப்பதில்லை. சங்கிலியில் கட்டுண்டபடியே காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்பத் திரும்பிக்கொண்டிருக்கும். நெடுக்காகத் தெரிந்தது சற்று நேரத்தில் மூக்கு மட்டுமாய்ச் சுருங்கும். உடனே நகர்வுவாதிகள் ஆர்ப்பரிப்பர். நங்கூரமிட்ட கப்பல் பகலில் முன்புறம் ஒரு கரும்பந்தை ஏற்ற வேண்டும் என்பது சர்வதேச விதி. பந்து மெரினாவிலிருந்து வெறுங்கண்ணுக்குத் தெரியாது. பார்க்காததை மேற்கோள் காட்டுவதற்குத் தடை ஏதும் இல்லாததால் இரு தரப்பும் அதைக் காட்டி வருகின்றன.

வெளிநாட்டுப் பயணம் செய்யும் 300 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்கள் தம் பெயர், இடம், வேகம் ஆகியவற்றை வானொலி அலையில் அறிவித்தபடி இருக்க வேண்டும். அவற்றைக் காட்டும் செயலி ஒன்றைக் கல்லூரி செல்லும் இளைய ஆய்வாளர் ஒருவர் கைபேசியில் திறந்தார். ‘நங்கூரத்தில்’ என்றிருந்தது. மூத்தோர் ஏற்கவில்லை. மூலத்தைப் பார்த்தால் ஆய்வு முடிந்துவிடும் என்பதால் அதைப் பார்க்காதிருப்பது எத்துறையிலும் முதிர்ச்சியின் அடையாளம். தவிர, அதே திரையில் வேகம் 0.1 நாட் என்றும் இருந்தது. சங்கிலியில் ஊசலாடும் கப்பலுக்கு அது இயல்பே. சுழியம் இல்லை என்று ஒரு சாராரும், இதெல்லாம் ஒரு வேகமா என்று மறு சாராரும் அதைத் தத்தம் வெற்றியாக அறிவித்தனர்.

இரவில் ஆய்வு எளிது. 100 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பல் நங்கூரத்தில் இருந்தால் தளத்தில் விளக்கேற்றியாக வேண்டும். எனவே விளக்குவரிசையை எண்ணினால் போதும். எண்ணிக்கையில் இருவர் ஒத்துப்போன செய்தி இல்லை.

ஒளிப்படச் சான்று இறுதியானது. அதில் முன்னே சித்தப்பாவின் நெற்றியும் பின்னே ஒரு புள்ளியும் காணப்படும். புள்ளி கப்பலே என்பர். கேமராவில் ஒட்டிய மணல் என்பாரும் உளர் (பெரியப்பா, தொலைபேசி வழி, ஞாயிறு இரவு, எதிர்முனையில் துண்டிக்கப்பட்டது).