சும்மாதான் கூப்பிட்டேன்

ஓய்வுபெற்ற ஆசிரியை, மன்னார்குடி
கே: வயதாகிவிட்டது என்பதை எப்போது உணர்ந்தீர்கள்?
ப: பஸ்ஸில் ஒரு கல்லூரிப் பெண் எழுந்து இடம் கொடுத்தபோது. “பரவாயில்லம்மா, நீ உட்காரு” என்றேன், உட்கார்ந்துகொண்டே.

வாசகர், ஈரோடு
கே: தினமும் ஓட்ஸ் கஞ்சி குடித்தால் ஆயுள் கூடுமாமே?
ப: ஆயுளைப் பற்றித் தெரியாது. காலைப்பொழுது நிச்சயம் நீளும்.

வங்கி ஊழியர், திருநெல்வேலி
கே: நாற்பத்தைந்து வயதாகிறது. பேப்பரைக் கை நீட்டிப் பிடித்தால்தான் எழுத்து தெரிகிறது. ஏன்?
ப: சாளேசரம். கண்ணுக்குள் இருக்கும் வில்லை இளமையில் வளைந்துகொடுக்கும்; நாற்பதுக்கு மேல் இறுகிப்போய், கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க முரண்டு பிடிக்கும். மனசுக்கும் இதே கோளாறு வரும்: நியூஜெர்சிப் பேரனின் பல் முளைத்ததெல்லாம் தெரியும், எதிர்வீட்டுக்காரர் ஒரு வாரமாக வெளியே வராதது தெரியாது. முதல் கோளாறுக்குக் கண்ணாடி போடுங்கள். இரண்டாவதற்கு எதிர்வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

வாசகி, கோவை
கே: இந்தக் காலத்து இளைஞர்கள் ஏன் பெரியவர்களை மதிப்பதில்லை?
ப: 1975-ல் என் அப்பாவும் இதே கேள்வியைக் கேட்டார், என்னைப் பார்த்து.

வாசகர், சேலம்
கே: தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூ அனுப்பும் நண்பரை என்ன செய்யலாம்?
ப: எனக்கும் கும்பகோணத்தில் ஒருவர் இருக்கிறார். விடிகாலை ஐந்து நாற்பதுக்குப் பூ வரும். அதற்குக் கீழே, அவர் வாழ்நாளில் கடைப்பிடிக்காத பொன்மொழி ஒன்று. “ஏன்யா இவ்வளவு சீக்கிரம்?” என்று திட்டினேன். மறுநாளிலிருந்து ஐந்து முப்பத்தைந்து.

நமக்கு இது புதுசும் இல்லை. தந்தி ஆபீசில் கல்யாண வாழ்த்துக்கு ஒரு எண், தீபாவளி வாழ்த்துக்கு ஒரு எண் என்று வைத்திருந்தார்கள். எண்ணைச் சொன்னால் போதும், எழுதிவைத்த வாழ்த்து போய்ச் சேரும். 2013 ஜூலையில் தந்தியை மூடினார்கள். ஆவி வாட்ஸ்அப்பில் புகுந்துகொண்டது. அதிகமாகச் சுற்றும் செய்திகளை ஒரு தடவைக்கு ஒருவருக்குத்தான் அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப்பே கட்டுப்பாடு போட்டது. கும்பகோணத்தார் அசரவில்லை. பூவைத் தானே போட்டோ எடுக்க ஆரம்பித்தார்.

கடைசியில் நானே போன் செய்தேன். “பூ வேண்டாம், பேசு.” “பேச என்னய்யா இருக்கு?” என்று ஆரம்பித்தவர், முதுகுவலி, ஒழுகும் குழாய், மருமகளின் பூனை என்று பத்து நிமிடம் பேசினார். இதற்குப் பூவே மேல் என்று தோன்றியது. போனை வைக்கும்போது நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. மீதி முப்பது நிமிடமும் பேசியது நான்தான்.

வாசகர், மதுரை
கே: நடைப்பயிற்சிக்குத் தனியாகப் போவதா, கூட்டமாகவா?
ப: கூட்டமாகப் போனால் நாக்கு மட்டும் நடக்கும். தனியாகப் போனால் அதற்கும் பயிற்சி இல்லை. கூட்டமாகவே போங்கள்.

வாசகர், வேளச்சேரி
கே: ஆபத்துக்கு உதவுவது நண்பனா, அக்கம்பக்கமா?
ப: 2015 டிசம்பர் 1 இரவு நான் ஜாபர்கான்பேட்டையில், அடையாற்றுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தேன். கூப்பிடாமலே வந்தது ஆறு. கரண்ட் போனது, செல்போன் டவர் போனது. 1878-லிருந்து நிற்காத ‘தி இந்து’ நாளிதழே மறுநாள் சென்னையில் அச்சாகவில்லை. ஊழியர்களால் மறைமலைநகர் அச்சகத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. என் போனில் எண்ணூறு பேர் இருந்தார்கள். மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் ஒன்றே ஒன்று. அது என் பழைய லேண்ட்லைன். துண்டித்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

இருட்டில் டார்ச் அடித்தவர் மாடிவீட்டுக்காரர். தண்ணீர் மோட்டாரை யார் போடுவது என்பதில் எனக்கும் அவருக்கும் மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. “மேல வாங்க சார்” என்றார். நானும் மனைவியும் நான்கு நாள் அவர் வீட்டில் இருந்தோம். நான்கு நாளும் ஓட்ஸ் கஞ்சி. குடித்தேன். நன்றியுணர்ச்சிக்கு இதைவிடப் பெரிய சான்று என்னிடம் இல்லை.

வெள்ளம் வடிந்ததும் மோட்டார் சண்டை மறுபடி தொடங்கியது. இப்போது பேர் சொல்லிச் சண்டை போடுகிறோம். நீங்கள் இன்றே பத்து நம்பரைக் காகிதத்தில் எழுதி, காலண்டருக்குப் பின்னால் ஒட்டிவையுங்கள். முதல் நம்பர் மாடிவீட்டுக்காரருடையதாக இருக்கட்டும்.

வாசகர், தாம்பரம்
கே: மூத்த குடிமக்களுக்கு என்னதான் சலுகை இருக்கிறது?
ப: ரயிலில் ஆண்களுக்கு 40 சதவீதம், பெண்களுக்கு 50 சதவீதம் கட்டணக் குறைப்பு இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவைச் சொல்லி அதைத் தனிமைப்படுத்தினார்கள். சென்னை மாநகரப் பேருந்தில் 60 வயதானவர்களுக்கு மாதம் பத்து இலவச டோக்கன் உண்டு. ஐந்து நண்பர்களைப் போய்ப் பார்த்துத் திரும்பலாம். ஐந்து பேர் தேறுகிறார்களா என்று எண்ணிவிட்டு டோக்கன் வாங்கப் போங்கள்.

வாசகர், திருச்சி
கே: அறுபத்தைந்து வயதில் தலைக்கு டை அடிக்கலாமா?
ப: திருச்சிக்காரர் கேட்கலாமா? உங்கள் உறையூர்க் கதையாயிற்றே! கோப்பெருஞ்சோழனும் பாண்டிய நாட்டுப் பிசிராந்தையாரும் நண்பர்கள். ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. சோழனுக்குப் பெற்ற பிள்ளைகளோடு தகராறு; போர்வரை முற்றியது. மனம் நொந்து வடக்கிருக்க உட்கார்ந்தவன், பக்கத்தில் ஆந்தையாருக்கு ஓர் இடம் விட்டுவைக்கச் சொன்னான். பஸ்ஸில் துண்டு போடுகிற வழக்கத்துக்கு மூலபுருஷன் அவன்தான். ஆந்தையாரும் வந்து சேர்ந்தார்.

இத்தனை வயதாகியும் நரைக்கவில்லையே, எப்படி என்று அவரைக் கேட்டார்கள். அவர் சொன்ன பதில் புறநானூற்றில் இருக்கிறது. நல்ல மனைவி, அறிவு நிரம்பிய பிள்ளைகள், மனமறிந்த ஏவலர், தீங்கு செய்யாத அரசன், ஊர் நிறையச் சான்றோர். பட்டியலில் ஓட்ஸ் இல்லை என்பதைக் கவனிக்கவும். ஐந்தில் எனக்கு எத்தனை வாய்த்தது என்பது என் தலையைப் பார்த்தாலே தெரியும். நீங்கள் துண்டு போட்டுவைத்தால் வந்து உட்கார ஓர் ஆள் உண்டா? இருந்தால் டை காசு மிச்சம்.

பெயர் வேண்டாம் என்ற வாசகி, நாகர்கோவில்
கே: கணவர் போய் எட்டு மாதம் ஆகிறது. ஆரம்பத்தில் தினமும் விசாரித்த தோழிகள் இப்போது கூப்பிடுவதில்லை. நானாகப் பேசினால் தொந்தரவாக நினைப்பார்களோ?
ப: நினைக்க மாட்டார்கள் அம்மா. அவர்களுக்குப் பயம். எதையாவது சொல்லி உங்களை அழவைத்துவிடுவோமோ என்று போனை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்திருப்பார்கள். நீங்களே கூப்பிடுங்கள். “ஏன் கூப்பிடவில்லை?” என்று மட்டும் கேட்காதீர்கள். “நார்த்தங்காய்க்கு உப்பு எவ்வளவு போடுவே?” என்று கேளுங்கள். ஆறுதல் சொல்லத் தெரியாதவர்களுக்கும் உப்பு அளவு தெரியும்.

என் மனைவி காலமான வருடம் ஒரு நண்பர் வியாழக்கிழமைதோறும் வந்தார். ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. கூடத்தில் பேப்பர் படிப்பார், காபி குடிப்பார், போவார். காபி போட வேண்டுமே என்பதற்காகவே நான் வியாழக்கிழமைகளில் பால் வாங்கினேன். அப்படித்தான் மற்ற நாட்களிலும் வாங்க ஆரம்பித்தேன். உங்களுக்கும் ஒரு கிழமை, ஒரு மணி என்று ஒருத்தியிடம் முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஹார்வர்டில் 1938-லிருந்து மனிதர்களின் வாழ்க்கையைத் தொடர்ந்து பார்த்துவருகிறார்கள். முதுமையில் நலமாக இருப்பவர்களுக்கு நெருங்கிய உறவுகள் இருக்கின்றன என்கிறார்கள். யாரையும் கூப்பிட முடியாமல் பாரம் அழுத்தினால் மூத்தோர் உதவி எண் 14567, மனநல உதவிக்கு 14416. இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. கேட்பதில் வெட்கமும் கிடையாது.

வாசகர், தேனி
கே: நீங்கள் கடைசியாக நண்பரிடம் பேசியது எப்போது?
ப: உங்கள் கேள்வியைப் படித்துக்கொண்டிருந்தபோது கும்பகோணத்தார் கூப்பிட்டார். “என்னய்யா விஷயம்?” என்றேன். “சும்மாதான்” என்றார். ஆகவே மீதிக் கேள்விகளுக்குப் பதில் அடுத்த இதழில்.