ஐந்நூறு மீட்டர் பூனை

எங்கள் மங்களூரில் கடல் கிடையாது, துறைமுகம் கிடையாது, விமான நிலையமும் கிடையாது. கடலூர் மாவட்டத்து ஊர். மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற மேட்டு நிலம். சென்னையில் போய் "சொந்த ஊர் மங்களூர்" என்றால், "அப்ப துளு பேசுவீங்களா?" என்று கேட்கிறார்கள். "விருத்தாசலம் பக்கம்" என்று திருத்தினால், "பீங்கான் பொம்மை செய்வீங்களா?" என்கிறார்கள். ஒரு காலத்தில் எங்கள் ஊர்ப் பெயரிலேயே சட்டமன்றத் தொகுதி இருந்தது. 2001இல் தொல். திருமாவளவன் சட்டமன்றத்துக்குப் போனது அந்தத் தொகுதியிலிருந்துதான். 2008 தொகுதி மறுசீரமைப்பில் அதைத் தூக்கிவிட்டார்கள். 2011இல் நாங்கள் திட்டக்குடித் தொகுதிக்காரர்களாக ஓட்டுப் போட்டோம். முழுசாக ஒரு தொகுதியே காணாமல் போனபோது எங்கள் தெருவில் ஒருவரும் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு வெளியே வரவில்லை. பூனைக்குட்டி காணாமல் போனபோது தெருவே வந்தது.

குட்டி எங்களுக்குக் கிடைத்த விதமே வில்லங்கமானது. என் சித்தப்பா மகன் அதைக் கொல்லையில் சோளத்தட்டைப் போருக்கு அடியில் 'கண்டெடுத்தான்'. அப்போதுதான் கண் திறந்திருந்தது. பூனைக்குட்டி பிறந்து ஏழு முதல் பதினான்கு நாளுக்குள் கண் திறக்கும். நாலு வாரம் வரைக்கும் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. தாய்ப்பூனை எலி தேடிப் போனால் திரும்பி வர மணிக்கணக்கில் ஆகும். அதற்குள் ஒருவர் வந்து "ஐயோ பாவம்" என்று குட்டியைத் தூக்கிக்கொண்டு போவதற்கு நம் ஊரில் மீட்பு என்று பெயர். தாய்ப்பூனையைக் கேட்டால் குழந்தைக் கடத்தல் என்று சொல்லும். குட்டி வயிறு நிறைந்து சத்தமில்லாமல் தூங்கினால் தாய் வந்து போகிறது என்று பொருள். தூர நின்று பார்த்திருந்தாலே போதும். ஒட்டிய வயிறோடு ஓயாமல் கத்தினால்தான் கை வைக்க வேண்டும். தம்பி நின்று பார்க்கிற ரகம் இல்லை.

தென்கலை வைணவர்கள் மார்ஜார நியாயம் என்பார்கள். பூனைக்குட்டி ஒரு முயற்சியும் செய்ய வேண்டாம்; தாய் பிடரியைக் கவ்வித் தூக்கிப் போகும், பகவானும் அப்படித்தான். வடகலையில் மர்க்கட நியாயம். குரங்குக்குட்டி தாயை இறுக்கிப் பிடித்துக்கொள்வதுபோலப் பக்தனும் தன் பங்குக்கு ஏதாவது செய்ய வேண்டும். எங்கள் குட்டி தென்கலையில் பிறந்து, தம்பியின் சட்டைப் பையை நகத்தால் பற்றிக்கொண்டு வடகலையாக வீடு வந்து சேர்ந்தது.

என் ஆயா உடனே பசும்பாலை வைத்தாள். மாட்டுக்கு ஊசி போட வந்திருந்த கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டுத் தடுத்தார். பசும்பாலில் இருக்கும் லாக்டோஸ் பூனைக்குட்டிக்குச் சரியாகச் செரிக்காதாம். வயிற்றால் போய், உடம்பில் நீர் வற்றியே செத்துவிடுமாம். குட்டிகளுக்கென்றே விற்கிற பால்மாவைத்தான் கரைத்துக் கொடுக்க வேண்டும், அதையும் குழந்தையைப் போல மல்லாத்திப் புகட்டாமல் குப்புற வைத்துப் புகட்ட வேண்டும் என்றார். எனக்குச் சட்டென்று தெனாலிராமன் நினைவுக்கு வந்தான். ராயர் வீட்டுக்கொரு பூனையும் அதற்குப் பால் கொடுக்கப் பசுவும் தந்தபோது, கொதிக்கிற பாலை வைத்துப் பூனையைப் பாலைக் கண்டாலே ஓடும்படி செய்தவன். குறும்புக்காரன் என்று இத்தனை காலமாகச் சிரித்திருக்கிறோம். மருத்துவக் கண்ணோடு பார்த்தால், விஜயநகரத்திலேயே வயிறு கெடாத பூனை அவன் வீட்டுப் பூனை ஒன்றுதான்.

குட்டி பிழைத்துக்கொண்டது. வெள்ளை, கறுப்பு, செம்மஞ்சள் என்று மூன்று நிறம். என் மகள் லூசி என்று பெயர் வைத்தாள். மூன்று மாத வயதில், சோளக் கதிரடிக்கும் இயந்திரம் வந்துபோன ஒரு சாயங்காலம், லூசியைக் காணவில்லை.

தெருவில் ஆளுக்கொரு கருத்து. மூட்டை ஏற்றிய குட்டியானை வண்டியில் அதுவும் ஏறிப் போயிருக்கும், விருத்தாசலம் மார்க்கெட் கமிட்டியில் இறங்கியிருக்கும் என்றார் ஒரு மாமா. நாமக்கல் கோழித்தீவனக் கம்பெனி வரைக்கும் போயிருக்கும் என்று இன்னொருவர் தூரத்தைக் கூட்டினார். கடுவன் பூனை கடித்திருக்கும் என்றார்கள், நாய் என்றார்கள், கீரி என்றார்கள், கைப்பிடிச் சுவர் இல்லாத மேட்டுக்காட்டுக் கிணறு என்றார்கள். எல்லாமே நடக்கக்கூடியவைதான் என்பதால் யாரையும் அதட்டி அனுப்ப முடியவில்லை. கடைசியாக வந்தவர் மட்டும், "பூனைக்கு ஒம்பது உசுரு, அதுவா வரும்பா" என்று சொல்லிவிட்டுக் காப்பி கேட்டார்.

நான் கைபேசியில் ஆராய்ச்சியில் இறங்கினேன். அமெரிக்காவில் வட கரோலினாவில் தெருப்பூனைக் குட்டிகள் 169ஐக் கண்காணித்து 2004இல் ஒரு முடிவை வெளியிட்டிருக்கிறார்கள். ஆறு மாத வயதுக்குள் 127 குட்டிகள் செத்துவிட்டன, அல்லது காணாமல் போய்விட்டன. அதாவது நான்கில் மூன்று. சாவுக்கு முதல் காரணம் நோயல்ல, நாய்க்கடி, வண்டியில் அடிபடுவது போன்ற காயங்கள். இந்தப் பக்கத்தை மகள் கண்ணில் படாமல் மூடினேன். ஆனால் அந்த 'அல்லது' எனக்குள் உட்கார்ந்துகொண்டது. காணாமல் போன குட்டியைச் செத்த குட்டியோடு ஒரே பத்தியில் எழுதுகிறார்களே, அதில் எத்தனை குட்டி யார் வீட்டுத் திண்ணையில் கால் நீட்டித் தூங்குகிறதோ?

அடுத்த ஆய்வு கொஞ்சம் இதமாக இருந்தது. 2018இல் வந்தது. காணாமல் போன 1,210 பூனைகளைப் பற்றி அவற்றை வளர்த்தவர்களிடம் விசாரித்திருக்கிறார்கள். ஒரு வருடத்துக்குள் 61 சதவீதம் கிடைத்துவிட்டன. மூன்றில் ஒரு பங்கு முதல் ஏழு நாளிலேயே. கிடைத்தவற்றில் முக்கால்வாசி, காணாமல் போன இடத்திலிருந்து ஐந்நூறு மீட்டருக்குள்தான் இருந்திருக்கின்றன. பயந்த பூனை எசமானர் குரலைக் கேட்டாலும் வாயைத் திறக்காதாம். ஆகவே வீட்டில் உட்கார்ந்து காத்திருப்பதைவிட, சந்து பொந்தெல்லாம் குனிந்து தேடுவதே மேல். 90 நாள் தாண்டிவிட்டால் உயிரோடு கிடைப்பது அபூர்வம்.

ஐந்நூறு மீட்டர் என்றால் எங்கள் ஊரில் முக்கால் ஊர். நான் நெத்திலிக் கருவாட்டை ஏந்திக்கொண்டு, "பூஸ் பூஸ்" என்று முனகியபடி ஒவ்வொரு வீட்டுப் பரண், மாட்டுக் கொட்டகை, விறகு அடுக்கு என்று டார்ச் அடித்தேன். இருட்டில் பூனைக் கண் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், தப்பாது. நிறையக் கண்கள் திருப்பி அடித்தன. ஊரில் இத்தனை பூனை இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. லூசியைத் தவிர எல்லாம் கருவாட்டுக்குப் பின்னால் ஊர்வலமாக வந்தன.

'காணவில்லை' நோட்டீஸ் ஒட்டலாம் என்றாள் மகள். லூசி ஒரு படத்துக்கும் அசையாமல் நின்றதில்லை. கைபேசியில் இருந்ததெல்லாம் மூவண்ணக் கலங்கல். யோசித்துவிட்டு, ஆயா விருத்தாசலத்தில் வாங்கி அலமாரியில் வைத்திருந்த பீங்கான் பூனையை எடுத்து, மார்க்கர் பேனாவால் கறுப்பும் மஞ்சளும் தீட்டிப் படம் பிடித்தாள். களிமண் கூழைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றி, ஆயிரம் டிகிரிக்கு மேலே சூளையில் சுட்டெடுத்த பூனை, நல்ல முகவெட்டு. நோட்டீசுக்குப் பலன் இருந்தது. "இதுக்கா இம்புட்டு அலையறீங்க? எங்க வீட்ல ரெண்டு கெடக்கு" என்று ஒரு பெரியம்மா பீங்கான் பூனை ஒன்றை முந்தானையில் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

அதற்குப் பிறகு ஆயா விஞ்ஞானத்தைக் கைகழுவிவிட்டாள். "கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டப் போறேன்."

விருத்தாசலத்தை ஒட்டி மணவாளநல்லூரில் இருக்கிறார் கொளஞ்சியப்பர். முருகன்தான், ஆனால் உருவம் கிடையாது, பலிபீட வடிவம். அங்கே வேண்டுதல் எல்லாம் எழுத்து மூலமாகத்தான். நகை திருட்டு, வராத கடன், சேராத குடும்பம் என்று எதுவாக இருந்தாலும் வெள்ளைத்தாளில் மனுவாக எழுதி, பூசையில் வைத்து, அங்கிருக்கும் முனியப்பர் முன்னால் கட்டிவிட வேண்டும். காரியம் முடிந்ததும் ராஜினாமா எழுதிப் பிராதைத் திரும்பப் பெற வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது படிப்பணம். கோயிலிலிருந்து மனுதாரர் ஊர் எத்தனை கிலோமீட்டரோ, அதற்குத் தக்கபடி பணம் கட்ட வேண்டும். விசாரணைக்கு வருகிற சாமிக்குப் பயணப்படி. மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு வந்துவிடும் என்பது ஆயாவின் கணக்கு. அந்த 90 நாள் ஆய்வாளர்களும் ஆயாவும் ஒத்துப்போன ஒரே இடம் இது.

பிராதை நான்தான் எழுதினேன். "வாதி, மங்களூர். பொருள்: பூனை." பிரதிவாதி பெயருக்கு இடம் காலியாக விட்டிருந்தோம்.

மறுநாள் பால் வாங்கப் போன மகள் மூச்சிரைக்க ஓடி வந்தாள். எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீட்டு அத்தையின் அடுப்படியில், தயிர்ச்சோற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில், கழுத்தில் கறுப்புக் கயிறோடு லூசி. மூன்று வீடு என்றால் அறுபது மீட்டர்கூட வராது. அத்தை கண் கலங்கிச் சொன்னாள்: "தாயில்லாப் புள்ள, கொட்டாய் ஓரமா கத்திக்கிட்டு கெடந்துச்சு. நான்தான் எடுத்து ஆளாக்கறேன். பேரு தங்கராசு."

மூன்று நிறம் கலந்த பூனை அநேகமாக எப்போதும் பெண்ணாகத்தான் இருக்கும், அது எக்ஸ் குரோமோசோம் சமாசாரம் என்று நான் சொல்ல ஆரம்பித்தேன். யாரும் கேட்கவில்லை. ஆயா, "எங்க பூனைய நீ எப்புடி வச்சிக்கலாம்?" என்றாள். அத்தை விடவில்லை. "நீங்க மட்டும் காசு குடுத்தா வாங்கினீங்க? தட்டப் போர்லேர்ந்து தூக்கியாந்ததுதான? அதோட அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரிஞ்சிருந்தா மொதப் பிராது உங்க மேலதான் கட்டியிருக்கும்."

ஆயா வீட்டுக்கு வந்து தாளை எடுத்துப் பிரதிவாதி இடத்தை நிரப்பச் சொன்னாள். அன்று மாலையே அத்தை தன் பேரனை விட்டு எதிர்ப் பிராது எழுத வைத்துவிட்டாள். படிப்பணத்தில் தகராறுக்கு இடமில்லை. இரண்டு தரப்புக்கும் ஒரே ஊர், ஒரே தூரம். மறுநாள் காலையில் இருவரும் ஆளுக்கொரு மடித்த தாளோடு ஒரே பஸ்ஸில் ஏறினார்கள். ஆயாவுக்கு ஜன்னலோர இடத்தை முந்தானை போட்டுப் பிடித்து வைத்தவள் அத்தைதான்.