முடிவு மாறா விதி: படம் விட்டபின் நிகழ்வன குறித்து ஓர் ஆய்வு

நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்து வைத்திருக்கிறார். அவற்றுள் மூன்று, சினிமாவின் கடைசிப் பத்து நிமிடத்தை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை என்பதை இலக்கண ஆசிரியர்கள் இன்றுவரை கவனிக்கவில்லை. 'மிகைபடக் கூறல்' என்பது, வில்லன் விலங்கோடு ஜீப்பில் ஏறிய பிறகும் மனம் ஆறாமல், நாயகனுக்கு ஒரு கல்யாணம், தங்கைக்கு ஒரு கல்யாணம், நகைச்சுவை நடிகருக்கும் ஒரு பெண் பார்த்து, எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்துச் சிரிக்கச் செய்து 'சுபம்' போடுவது. 'மயங்க வைத்தல்' என்பது, நாயகன் பிழைத்தானா போய்ச் சேர்ந்தானா என்று சொல்லாமலே அரங்கின் விளக்கைப் போட்டுவிடுவது. 'சென்று தேய்ந்து இறுதல்' எட்டு சீசன் ஓடும் தொடர்களுக்கு உரியது. அதைப் பின்னர் காண்போம். டிக்கெட் வாங்கிப் படம் பார்க்கும் வசதி இல்லாத காலத்தவர் முனிவர். இருந்தும் முதலிரண்டையும் ஒரே பட்டியலில் அடைத்தது அவருடைய தீர்க்கதரிசனம். முடித்து வைப்பதே மரியாதை என்று ஒரு கட்சி. முடிக்காமல் விடுவதே கலை என்று மறு கட்சி. இரண்டும் இறக்குவது ஒரே சரக்கைத்தான், இறக்கும் இடம்தான் வேறு என்பது இக்கட்டுரையின் துணிபு.

விதியை முதலில் சொல்லிவிடுவது முறை. ஒரு கதைக்கு வேண்டிய முடிவின் மொத்த அளவு மாறாதது. இயக்குநர் செய்யாமல் விட்டதைப் பார்வையாளர் செய்தாக வேண்டும்; இயக்குநர் அளவுக்கு மீறிச் செய்தால் அது வேறொரு பக்கம் கசியும். அளவு என்று வந்துவிட்டால் அலகு வேண்டும். தியேட்டர் வாசல் டீக்கடையைக் காட்டிலும் நம்பகமான ஆய்வுக்கூடம் இந்தத் துறைக்கு இல்லையாதலால், முடிவின் அலகை 'டீ' என்று கொள்கிறோம். நாயகன் வென்று மாலை மாற்றிய படத்துக்கு அரை டீ போதும். கிளாஸ் ஆறுவதற்குள் பேச்சு சம்பளத்துக்கும் மழைக்கும் திரும்பிவிடும். நாயகன் என்ன ஆனான் என்று தெரியாத படத்துக்குக் குறைந்தது மூன்று டீ, இடையில் ஒரு வடை. கடைக்காரர் எந்தக் கட்சியை ஆதரிப்பார் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

இவ்விதிக்கு முதற்சான்று நியூ ஜெர்சியில் கிடைக்கிறது. ஆறு சீசன், 86 பாகம் ஓடிய 'தி சோப்ரானோஸ்' தொடரின் கடைசிப் பாகம் 2007 ஜூன் 10 அன்று ஒளிபரப்பானது. மாஃபியா தலைவர் டோனி ஒரு சாதாரண உணவகத்தில் உட்கார்ந்திருக்கிறார். மனைவி வருகிறார், மகன் வருகிறான், வெங்காய வளையங்கள் வருகின்றன. அறிமுகமில்லாத ஆள் ஒருவர் எழுந்து கழிவறைப் பக்கம் போகிறார். வெளியே மகள் காரை ஓரமாக நிறுத்த முயன்று முயன்று தோற்கிறாள். கடைசியில் எப்படியோ நிறுத்திவிட்டு ஓடி வருகிறாள், கதவு மணி அடிக்கிறது, டோனி நிமிர்ந்து பார்க்கிறார், திரை கறுப்பாகிறது. ஓசையும் இல்லை. அமெரிக்காவெங்கும் அந்நேரத்தில் பலருக்கு முதலில் எழுந்த ஐயம் டோனி சுடப்பட்டாரா என்பதன்று, கேபிள் போய்விட்டதா என்பதே. கறுப்புத் திரையைக் கண்டதும் கேபிள்காரரைச் சந்தேகிப்பது தமிழர்க்கு மட்டும் உரிய பண்பன்று என்பது இதனால் பெற்றாம். அதன்பின் தொடங்கிய வாதம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. தொடரை உருவாக்கிய டேவிட் சேஸ் திரையில் செலவழிக்காமல் மிச்சம் பிடித்தது ஒரு துப்பாக்கிச் சத்தம்; அதைப் பார்வையாளர்கள் ஒன்றரைப் பத்தாண்டு டீயில் ஈடு செய்தார்கள். கிறிஸ்டோபர் நோலன் 2010இல் 'இன்செப்ஷன்' கடைசிக் காட்சியில் கனவா நனவா என்று சொல்லாமல் மேசைமேல் சுழலவிட்ட பம்பரமும் இவ்வகையே. சாட்டை சுற்றிப் பம்பரம் விட்ட எந்தச் சிறுவனையும் கேட்டிருந்தால், ஆட்டம் காணும் பம்பரம் விழுந்தே தீரும் என்று வழக்கை முடித்திருப்பான். ஆனால் உலகம் முடித்து வைக்க விரும்பவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். மயங்க வைக்கும் முடிவு மேல்நாட்டு இறக்குமதி, நம் மண்ணின் மரபு மங்களம் பாடி முடிப்பதே என்பர். இம்மறுப்பைச் சொல்வோர் விக்கிரமாதித்தனையும் வேதாளத்தையும் மறந்தவர்கள். வேதாளம் ஒவ்வொரு கதையையும் முடிக்காமல் ஒரு கேள்வியில் நிறுத்துகிறது. பதில் தெரிந்தும் அரசன் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகும். சொன்னால் மௌனம் கலைந்த குற்றத்துக்கு வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறும். பார்வையாளரின் உழைப்பை இவ்வளவு கறாராகச் சட்டமாக்கிய இயக்குநர் எந்த நாட்டிலும் தோன்றியதில்லை. இதில் நுட்பமான இடம் ஒன்றுண்டு. அரசன் நேர்த்தியாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்வரை கதை முடிவதில்லை. அடுத்த கதை தொடங்கிவிடுகிறது. அவன் பதில் தெரியாமல் வாய்மூடி நின்ற இடத்தில்தான் வேதாளம் இறங்கி வருகிறது, கதை உண்மையிலேயே முடிகிறது. அந்தக் கடைசிப் புதிர் எது? ஒரு தந்தை இன்னொருத்தியின் மகளை மணக்க, அவர் மகன் அவள் தாயை மணந்தால் பிறக்கும் பிள்ளைகளுக்குள் என்ன உறவு என்பது. கே. பாலசந்தர் 1975இல் 'அபூர்வ ராகங்கள்' படத்துக்கு எடுத்துக்கொண்டது இதையேதான். அவர் விக்கிரமாதித்தனைவிட எச்சரிக்கையானவர். இரண்டு ஜோடியையும் பிரித்து, மகனை அப்பாவிடமும் மகளை அம்மாவிடமும் ஒப்படைத்து, புதிருக்கு விடை தேவைப்படாத நிலையை உண்டாக்கிவிட்டார். விடை காண முடியாத கணக்கில் கணக்கையே அழித்துவிடுவது அறிவுடைமை என்க.

இன்னொரு மறுப்பு, மயக்க முடிவு படித்தவர்க்கே ஆகும், பாமர மக்கள் முடிவு கேட்பார்கள் என்பது. இதற்கு விடை ஒரு ரயில் நிலையத்தில் இருக்கிறது. பாரதிராஜாவின் '16 வயதினிலே' 1977இல் வந்து வெள்ளிவிழா கண்ட படம். அதன் முடிவில் சப்பாணி சிறையில். மயில் ரயிலடியில் நின்று வழி பார்த்திருக்கிறாள். அவன் வந்தானா என்று படம் சொல்வதில்லை. கிராமத்துக் கொட்டகையில் பார்த்த யாரும் இதற்காகக் காசைத் திருப்பிக் கேட்கவில்லை. வருவான் என்று தாங்களே முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். இந்த நிலுவையை நேர்செய்ததில் தமிழ் சினிமாவுக்குள்ள நேர்மை ஆய்வாளர் கண்ணில் படாமல் போயிற்று. ஐந்தாண்டு கழித்து, 1982இல், பாலு மகேந்திராவின் 'மூன்றாம் பிறை' முடிவில் மறுபடி ரயில் நிலையம். மறுபடி கமல்ஹாசனும் ஸ்ரீதேவியும். இம்முறை ஸ்ரீதேவி ரயிலுக்குள் உட்கார்ந்திருக்கிறார், நடைமேடையில் நின்று தவிப்பது கமல். கடன் வட்டியோடு தீர்ந்தது. இரண்டு படத்தின் இயக்குநர்களும் வேறு வேறு ஆட்கள் என்ற சிறு தடையை விதி பொருட்படுத்துவதில்லை.

இனி, முடித்து வைப்போர் கட்சியின் கணக்கைப் பார்க்கலாம். சுத்தமாக முடித்த முடிவில் பார்வையாளருக்கு வேலையே இல்லை என்பது அவர்கள் வாதம். 'ஃபைட் கிளப்' படத்துக்குச் சீனாவில் நேர்ந்தது இதற்கு நல்ல மருந்து. 1999ஆம் ஆண்டுப் படமான அதன் முடிவில் கட்டடங்கள் வெடித்துச் சரியும். 2022 ஜனவரியில் டென்சென்ட் தளத்தில் பார்த்தவர்களுக்கு அந்த வெடிப்பு கிடைக்கவில்லை. அதற்குப் பதில் ஓர் அறிவிப்பு மட்டும் வந்தது. காவல்துறை சதியைக் கண்டுபிடித்து எல்லோரையும் பிடித்துவிட்டது, டைலர் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு 2012இல் வெளியே வந்தார் என்று. டைலர் என்பவர் கதாநாயகனின் மூளைக்குள் மட்டும் வசிக்கும் கற்பனை ஆள். இல்லாத ஒருவரை மருத்துவமனையில் சேர்த்து, சிகிச்சை அளித்து, ஆண்டு குறிப்பிட்டு டிஸ்சார்ஜும் செய்த முடிவைக் காட்டிலும் ஒழுங்கான முடிவு உலக சினிமாவில் கிடையாது. விளைவு? அதுவரை அப்படத்தைப் பற்றி வாயே திறக்காதவர்களும் பேசத் தொடங்கினார்கள். அடுத்த மாதமே வெட்டியதில் பெரும்பகுதியை ஒட்டிவிட்டார்கள். மூல நாவலை எழுதிய சக் பாலனியூக், சீன முடிவுதான் தம் நாவலுக்கு நெருக்கமாக இருக்கிறது என்று கிண்டலாகச் சொன்னது இந்த வழக்கின் தனி ருசி. 'பிளேட் ரன்னர்' பட்ட பாடும் இதற்கு இளைத்ததன்று. 1982இல் முன்னோட்டம் பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள் என்று காதலர் இருவரையும் பச்சை மலைகளுக்கிடையே காரில் அனுப்பினார்கள். அம்மலைக் காட்சிகளும் 'தி ஷைனிங்' படத்துக்கு எடுத்து மிஞ்சியவை. இரவல் மலையில் ஒட்டிய சுபம் பத்தாண்டு தாங்கியது. 1992இல் அதை வெட்டினார்கள், 2007இல் 'இறுதி வடிவம்' என்று இன்னொன்றை வெளியிட்டார்கள். இறுதி என்று பெயரிலேயே எழுத வேண்டிவரும்போது அது இறுதியன்று என்பது தெளிவு.

நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். விதிக்கு எதிராக நிறுத்தத்தக்க சாட்சி ஒன்று இருக்கிறது. மனைவியைக் கொன்றதாகப் பழி சுமந்து, ஒற்றைக்கை மனிதனைத் தேடி, நான்கு சீசன், 120 பாகம் ஓடிய டாக்டர் ரிச்சர்ட் கிம்பிளின் 'தி ஃப்யூஜிட்டிவ்' 1967 ஆகஸ்ட் 29 அன்று முடிந்தது. முடிச்சு ஒன்றும் மிச்சமில்லை: கேளிக்கைப் பூங்காவின் கோபுரத்தின்மேல் ஒற்றைக்கையன் சிக்கினான், சுடப்பட்டு விழுந்தான், உண்மை கண்ட சாட்சி வாய் திறந்தார், டாக்டர் விடுதலை. கதையை முடித்துவிட்டால் மறு ஒளிபரப்பை யார் பார்ப்பார்கள் என்று தொலைக்காட்சி வட்டாரத்தில் அஞ்சிய காலம் அது. அப்படி இருந்தும் அன்றிரவு திரண்ட கூட்டத்தின் சாதனையை 1980இல் 'டாலஸ்' தொடர் வந்துதான் முறியடித்தது. இதில் விதி எங்கே என்று கேட்கலாம். கடைசி நிமிடத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். விடுதலையாகி வெளியே வந்த கிம்பிள், ஒரு போலீஸ் கார் வந்து நிற்பதைக் கண்டு கணநேரம் வெலவெலத்துப் போகிறார். வழக்கு முடிந்துவிட்டது, கால்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. மிகச் சுத்தமாகத் துடைத்த அந்த முடிவிலும் கால் டீ மிச்சமிருக்கிறது. விதி தப்பித்தது.

கல்லில் வெட்டினாலும் முடிவு நிற்காது என்பதற்குச் சோழ நாடே சாட்சி. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று ரவிதாசன் முதலானோரைப் பெயர் குறித்து, அவர்கள் உறவினரின் உடைமைகளைப் பறித்த செய்தி உடையார்குடிக் கல்வெட்டில் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன் அரசாணையே போட்டு மூடிய கோப்பு அது. அதைக் கல்கி 1950இல் திறந்தார். 'பொன்னியின் செல்வன்' மூன்றரை ஆண்டுக்கும் மேல் வாராவாரம் ஓடி, கரிகாலனைக் கொன்ற கை எது என்பதில் வாசகரை மயங்க வைத்து முடிந்தது. முடிந்ததும் வாசகர்கள் விட்டார்களா? அவர் என்ன ஆனார், இவருக்குக் கல்யாணம் நடந்ததா என்று கேட்டதில், கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுதிப் பாத்திரங்களின் பிற்கால வாழ்வை விளக்க வேண்டியதாயிற்று. அன்று தொடங்கிய கொலை விசாரணை 2023இல் மணிரத்னம் எடுத்த திரைப்படத்தின் இரண்டாம் பாகம் வந்தபோதும் நடந்துகொண்டிருந்தது. டீயின் அளவை இங்கே அண்டாவில்தான் சொல்ல முடியும்.

எட்டு சீசன் விஷயத்துக்கு வருவோம். 2019 மே மாதம் முடிந்த 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' மயங்க வைக்கவில்லை. யார் அரசர், யார் அமைச்சர், யார் வடக்கே போனார் என்று பதவிப் பட்டியல் வாசிப்பதுபோல் முடித்தது. ஆனாலும் கடைசி சீசனை மறுபடி எடுக்கச் சொல்லி இணையத்தில் பத்து லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். காரணம் எளிது. எட்டு ஆண்டாகப் பார்வையாளர்கள் தங்கள் பங்கு முடிவை முன்கூட்டியே செய்து வைத்துவிட்டார்கள். செய்து முடித்த வேலையை வேறொருவர் அவசர அவசரமாகத் திரும்பச் செய்தால் கூலித் தகராறு வரத்தான் செய்யும். இதையும், கடைசி நிமிடத்தில் ஒரு புதிய முகத்தைக் காட்டி 'பாகம் 2' என்று போடும் இன்றைய வழக்கத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பின்னதை மயக்கமென்றோ மங்களமென்றோ வகைப்படுத்த வழியில்லை. அது அட்வான்ஸ் புக்கிங், சீட்டுக் கம்பெனி நடைமுறை. முதல் தவணை கட்டியவர் இரண்டாம் தவணைக்கும் வருவார் என்ற நம்பிக்கையில் முடிவைப் பிடித்து வைத்துக்கொள்வது. 2003இலிருந்து 2009 வரை ஆயிரத்தைந்நூறு பாகம் தாண்டி ஓடிய 'கோலங்கள்' போன்ற மெகா தொடர்கள் இந்தச் சூழ்ச்சியை நாடியதில்லை. அவை தினமும் மரம் ஏறி தினமும் இறங்கும் வேதாளங்கள்; 'தொடரும்' என்று எழுதிக் காட்டுவதில் ஒளிவுமறைவு கிடையாது.

விதியை உடைக்கக்கூடிய ஒரே ஆளை இதுவரை பேசாமல் ஒதுக்கி வைத்தோம். சண்டை முடியப் பத்து நிமிடம் இருக்கும்போதே எழுந்து, வரிசையில் இருப்பவர்களின் காலையெல்லாம் மிதித்துக்கொண்டு, ஸ்டாண்டில் வண்டியை எடுக்கப் போய்விடுகிறாரே, அவர். கூட்டத்தில் சிக்கினால் கேட்டைத் தாண்ட அரை மணி ஆகும் என்பது அவர் கணக்கு. எந்தப் படத்தின் முடிவையும் அவர் பார்த்ததில்லை. அவருக்கு எல்லாப் படமும் 'தி சோப்ரானோஸ்'தான். விதிப்படி அவர் ராத்தூக்கம் இல்லாமல் தவிக்க வேண்டும். ஆனால் நிம்மதியாகத் தூங்குகிறார். விதி பொய்யோ எனின், அன்று. நாயகன் வெல்வான், போலீஸ் தாமதமாக வரும், தங்கைக்குக் கல்யாணம் நடக்கும் என்ற முடிவை அவர் வீட்டிலிருந்தே கட்டிக் கொண்டுவந்திருக்கிறார். எழும்வரை பார்த்தது அது கெட்டுப்போகவில்லையே என்று சரிபார்க்க மட்டும். டோனியின் மகள் நியூ ஜெர்சியில் காரை நிறுத்த முடியாமல் திணறியபோது உலகமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. நம்மவர் டோக்கனை நீட்டி, நெருக்கி நிறுத்திய இருபது வண்டிகளுக்கு நடுவிலிருந்து தன் வண்டியை ஒரு கீறல் படாமல் உருவி எடுக்கிறார். உள்ளே அப்போதுதான் வில்லன் மலையிலிருந்து விழுகிறான். அந்த அலறல் அவருக்கு ஸ்டாண்ட் வரை கேட்கிறது.