கடைசிப் பெட்டி வரை

சாண்ட்பாயிண்ட், ஐடஹோ
18 ஜனவரி 2026

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

போன கடிதத்தில் கடைசிப் பக்கத்தை மேஜையிலேயே விட்டுவிட்டு உறையை ஒட்டிவிட்டேன். அதற்கு நீங்கள் எழுதிய பதில் ஒரே வரி: “கடைசிப் பெட்டியில் எல்.வி. பலகை பார்க்காமல் வண்டி முழுசாக வந்தது என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.” முப்பத்தைந்து வருஷம் கூட்ஸ் வண்டியில் கார்டாக இருந்தவரிடம் இதற்குக் குறைவாக எதிர்பார்த்தது என் தப்பு. இந்த முறை பக்கங்களை எண்ணிவிட்டுத்தான் ஒட்டுவேன்.

ஊர் எப்படி இருக்கும் என்று சித்தி கேட்டிருந்தார்கள். செங்கல்பட்டை எடுத்து ஃப்ரீசரில் வைத்தால் எப்படி இருக்குமோ, அப்படி. அங்கே கொளவாய் ஏரி, அதை ஒட்டித் தண்டவாளம். இங்கேயும் ஏரி, தண்டவாளம். ஏரி மட்டும் கொஞ்சம் ஆழம்: 1,150 அடி. கடலே இல்லாத மாநிலத்தில், ஏரியின் தென்கோடியில் அமெரிக்கக் கடற்படை உட்கார்ந்துகொண்டு நீர்மூழ்கிக் கப்பலின் மாதிரிகளை மிதக்கவிட்டும் முழுகவிட்டும் சோதனை செய்கிறது. ஏரியின் பெயரை எழுதுவது ஒரு மாதிரி, சொல்வது ‘பாண்டரே’. இங்கே வாழ்ந்த பழங்குடி மக்களின் காதில் தொங்கிய நகையைப் பார்த்துப் பிரெஞ்சு வியாபாரிகள் வைத்த பெயர் என்கிறார்கள். நம் வீட்டில் அது பாம்படம் ஏரி.

இனி உங்கள் துறை. ரயில் பைத்தியங்கள் இந்தப் பக்கத்தை ‘ஃபனல்’ என்கிறார்கள். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் ஊற்ற வைத்திருப்பார்களே, அந்தப் புனல்தான். கிழக்கிலிருந்து வரும் தடங்கள் இங்கே குவிந்து ஸ்போகேன் பக்கம் இறங்குகின்றன. நிலக்கரி, கோதுமை, கன்டெய்னர் என்று கூட்ஸ் வண்டிகள் ராத்திரி பகலாகப் போகின்றன. பலவற்றில் நூறு வேகனுக்கு மேல். ஏரியைத் தாண்ட ஏறக்குறைய ஒரு மைல் நீளப் பாலம். அது ஒற்றைத் தடம் என்பதால் வண்டிகள் காத்துக் கிடந்தன. 2022-ல் பக்கத்திலேயே இன்னொரு பாலம் கட்டிவிட்டார்கள். பயணிகள் வண்டி என்றால் திசைக்கு ஒன்று. இரண்டும் நடுராத்திரியில் வருகின்றன. ஐடஹோ மாநிலத்துக்கே இது ஒன்றுதான் பயணிகள் ஸ்டேஷன். சரக்குக்குப் பகலையும் கொடுத்து, மனுஷனுக்கு ராத்திரியை ஒதுக்கிய ஊர்.

இங்கே விமானம் ரயிலில் போகிறது, சித்தப்பா! போயிங் 737-இன் உடம்பைக் கான்சஸில் செய்து, சிறகும் வாலும் இல்லாமல், பச்சைப் பூச்சோடு திறந்த வேகனில் ஏற்றி சியாட்டில் பக்கம் அனுப்புகிறார்கள். உரித்த புடலங்காய் போல இருக்கும். 2014 ஜூலையில் மொன்டானாவில் தடம்புரண்டபோது மூன்று விமானங்கள் சரிந்து கிளார்க் ஃபோர்க் ஆற்றுக்குள் போய்விட்டன. அந்த ஆறு வந்து விழுவது இந்த ஏரியில்தான். ரயிலிலிருந்து விமானம் விழுந்து ஆற்றில் மிதந்த கதையை நம்மூர் டீக்கடையில் சொன்னால் என்னை எங்கே சேர்ப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

ஒரு கெட்ட செய்தி. இங்கே கார்டு கிடையாது. கார்டு பெட்டியை 1980-களிலேயே கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள். சில வண்டிகளுக்கு வாலில் ஆளில்லாத எஞ்சின் தள்ளிக்கொண்டு வரும். மற்றவற்றில் சிவப்பு விளக்கைச் சிமிட்டிக்கொண்டு ஒரு பெட்டி தொங்கும். நீங்கள் மீட்டரில் பார்ப்பீர்களே பிரேக் பிரஷர், அதை அது ரேடியோவில் எஞ்சினுக்குச் சொல்லிவிடும். 2022-ல் நம் ரயில்வே கார்டுகளை ‘டிரெயின் மேனேஜர்’ ஆக்கியபோது, “ரிட்டயர் ஆன பிறகு வந்த புரமோஷன்” என்று சிரித்தீர்கள். இங்கே அந்த மேனேஜர் ஒரு தகர டப்பா. அதற்கு பென்ஷன் கிடையாது, சுக்குக் காப்பியும் வேண்டாம்.

அடுத்தது, குளிர்கால விருந்தாளிகள். ஏரியில் ஆயிரக்கணக்கில் நம் நாமக்கோழியின் அமெரிக்கப் பங்காளிகள். அதே கறுப்பு உடம்பு, அதே வெள்ளை நாமம். வேடந்தாங்கலை விட்டு இவ்வளவு தூரம் வந்தும் ஆசாரத்தை விடவில்லையே என்று எனக்கே கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. மேலே வெண்தலைக் கழுகு வட்டமிட்டால் அத்தனையும் தேர்க்கூட்டம் போல நெருக்கியடித்துக்கொள்ளும். கூட்டத்தை விட்டுப் பிரிகிற ஒன்றுக்குத்தான் அன்றைக்கு ஆபத்து.

கழுகைப் பற்றி நாம் நினைத்ததெல்லாம் பொய். முட்டையிட்டுச் செத்து ஒதுங்கும் கொகானி மீனைப் பொறுக்கித் தின்னத்தான் குளிர்கால ஆரம்பத்தில் இந்தப் பக்கம் கூடுகிறது. குரலோ கோழிக்குஞ்சுக்குக் கொஞ்சம் மேலே. சினிமாவில் நாம் கேட்ட அந்தக் கம்பீரக் கத்தல் செவ்வால் பருந்து கொடுத்த டப்பிங்காம். இன்னொன்று: 1782-ல் நாட்டின் இலச்சினையில் ஏறிய இந்தப் பறவைக்கு, ‘தேசியப் பறவை’ என்று சட்டப்படி ஆர்டர் வந்தது 2024 டிசம்பரில். 242 வருஷம் தற்காலிக ஊழியர்! பணி நிரந்தரம் கேட்டுப் போராடும் உங்கள் சிநேகிதர்களுக்கு இதைச் சொல்லி ஆறுதல் படுத்துங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். சாயங்காலம் நாலு மணி, இருட்டத் தொடங்கும் நேரம். லெவல் கிராசிங்கில் கேட் விழுந்தது. கேட் கீப்பர் கிடையாது. மணி தானாக அடிக்கும், தடுப்பு தானாக இறங்கும். நிலக்கரி வண்டி. நீங்கள் பழக்கிய பழக்கம், வேகன்களை எண்ண ஆரம்பித்தேன். எண்பத்து மூன்று எண்ணும்போது பக்கத்து ஜன்னல் இருண்டது. மூஸ். நம் மிளாவை ஏணி மேல் நிறுத்தி, ஒட்டகத்தின் மூக்கை ஒட்டவைத்த பிராணி. கொம்பு உதிர்ந்திருந்தது, அதனால் முகத்தில் ஒரு கோபம். பனி உருகுவதற்குச் சாலையில் உப்புத் தூவுகிறார்கள். அது கார் முழுக்கப் படிகிறது. அதை நக்க வந்திருக்கிறது.

கரடியைப் பார்த்தால் ஓடக்கூடாது, மூஸைப் பார்த்தால் ஓடலாம் என்று இங்கே சொல்லித் தருகிறார்கள். காருக்குள் பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பவன் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. ஹாரனுக்குப் போன கையை உங்கள் மருமகள் தட்டிவிட்டாள். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கும் என்று நம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். முன் கதவு, பின் கதவு, கண்ணாடி என்று முறையாக நக்கி முடித்துவிட்டு அது நகர்ந்தபோது கேட் தூக்கியிருந்தது, தண்டவாளம் காலி. கடைசி வேகனை நான் பார்க்கவில்லை. உங்கள் சட்டப்படி அந்த வண்டி இன்னும் சாண்ட்பாயிண்டைத் தாண்டவில்லை.

பின் ஸீட்டில் இருந்த உங்கள் பேத்தி மட்டும் டாட்டா காட்டிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்து ஜன்னலை மூஸ் மறைக்கவில்லை. “யாருக்கும்மா?” என்றேன். “தாத்தா கடைசிப் பெட்டியிலதானே இருப்பார்” என்றாள். தகர டப்பா விஷயத்தை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. நீங்களும் போனில் உளறிவிடாதீர்கள்.

சித்தி கொடுத்தனுப்பிய மோர் மிளகாய் மார்ச் வரை வரும். முழங்காலுக்குத் தைலம் தேயுங்கள். ஏரிக்கரைக்குத் தனியாகப் போகவேண்டாம்.

இப்படிக்கு,
நீங்கள் கொடி காட்டப் பழக்கிய அண்ணன் மகன்

இதற்குப் பின்னால் பக்கம் இல்லை. கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

எல்.வி.