எட்டா இடத்துத் திருகாணி இயல்

எட்டா இடத்தில் இடுதிரு காணி
ஒட்டலும் ஈர்த்தலும் கவ்வலும் என்னும்
முத்திற நெறியால் முனைகொளல் மரபே.

உரை: எட்டா இடமாவது, கண்ணுக்குத் தெரிந்தால் கை போகாததும், கை போனால் கண்ணுக்குத் தெரியாததுமாம். மிக்ஸியின் அடியிலுள்ள ஆழக் குழியும், சுவிட்ச் போர்டுப் பெட்டியில் ஒயர்க் கற்றைக்குப் பின்னுள்ள மூலையும் காட்டு.

ஒட்டலுக்குக் கிரீஸ் சிறந்தது. அஃதில்லாத வீட்டில் சோற்றுப் பருக்கை. குழைந்த பருக்கையைத் திருகாணித் தலையின் பள்ளத்தில் அப்பித் திருப்புளியை அழுத்தினால், கவிழ்த்தாலும் விழாது. பச்சரிசியா புழுங்கலரிசியா என்பதில் அறிஞரிடையே வழக்குண்டு; உதிரிச் சாதம் ஆகாது என்பதில் இரு சாராரும் ஒன்றுபடுவர். செல்லோடேப்பின் ஒட்டும் பக்கத்திலிருந்து திருகாணியைக் குத்தி நுழைத்து, இரு முனைகளையும் திருப்புளித் தண்டோடு ஒட்டுவதும் உண்டு. கடைசிச் சுற்றுக்கு முன் டேப்பை உருவிவிடுக. இல்லையேல் தலைக்கடியில் அதுவும் இறுகிவிடும்.

ஈர்த்தல் வெளிப்படை. பழைய ஸ்பீக்கர் காந்தத்தில் திருப்புளி முனையை ஒரே திசையில் சிலமுறை இழுத்தால் போதும். பித்தளைக்கோ காந்தத்தின் மேல் மரியாதை இல்லை.

கவ்வலுக்குக் கனடாவின் ராபர்ட்சன் சான்று. 1908-இல் அவர் ஆக்கிய திருகாணித் தலையின் சதுரக் குழி உள்ளே போகப்போகக் குறுகுவது. திருப்புளியைச் சொருகினால் தானே தொற்றிக்கொள்ளும். நம் கடைகளில் கிடைப்பதோ 1936-இல் ஹென்றி பிலிப்ஸ் காப்புரிமை பெற்ற ஸ்டார் வகை. ஆகவே மீண்டும் பருக்கை.

இம்மூன்றும் திருகாணியைக் குழிவரை கொண்டுபோகும், மரையில் ஏற்றா. அதற்குத் திருப்புளியை முதலில் கழற்றும் திசையில் மெல்லத் திருப்புக. ஓரிடத்தில் திருகாணி 'டக்'கென்று ஒரு துளி இறங்கும், விரலுக்கே தெரியும். மரையின் வாய் அது. அங்கிருந்து முறுக்கினால் தானே ஏறும். மிக்ஸியின் பிளாஸ்டிக் உடலில் இதைச் செய்யாவிட்டால் திருகாணி கோணலாகப் புது மரை வெட்டிக்கொள்ளும். நாலாம் முறை கழற்றி மாட்டுகையில் எதையும் பிடிக்காமல் சும்மா சுற்றும்.

புறனடை: உள்ளே விழுந்ததைக் கவிழ்த்துக் குலுக்கி எடுக்காமல் பிளக்கைச் சொருகற்க. நான்கில் மூன்றைப் போட்டு முடித்துக்கொள்வதை நூலோர் விதிக்கவில்லை. எனினும் அதுவே பெருவழக்கு.