தொப்பை விசாரணை

ஒன்பது போட்டி, ஒன்பது தோல்வி. 2017இல் இந்திய அணி இலங்கைக்கு வந்து மூன்று டெஸ்ட், ஐந்து ஒருநாள், ஒரு ரி20 என்று ஒன்று விடாமல் வாரிச் சுருட்டிக்கொண்டு போனது. அந்த நாட்களில்தான் எங்கள் வீரர்களின் அறைக்குள் பிஸ்கட் வரக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள். செய்தியை வாசிக்கும்போது என் முன்னால் பிளேன்ரீயும் நாலு மாரி பிஸ்கட்டும் இருந்தன. நல்லது கெட்டது எதுவானாலும் எங்கள் வீட்டில் முதலில் உடைபடுவது பிஸ்கட் பக்கட்தான். அதற்கு ஒரு டெஸ்ட் தொடரையே கவிழ்க்கும் வல்லமை உண்டென்று அன்றுவரை யாரும் சொன்னதில்லை.

அதற்குச் சில வாரங்கள் முன்னர் அப்போதைய விளையாட்டுத்துறை அமைச்சர் தயாசிறி ஜயசேகர, வீரர்களுக்குத் தொப்பை வைத்துவிட்டது என்று குறைப்பட்டார். லசித் மாலிங்கவுக்குப் பொறுக்கவில்லை. கிளியின் பொந்தைப் பற்றிக் குரங்குக்கு என்ன தெரியும் என்ற பாணியில் ஏதோ சொல்லிவிட்டார். விசாரணை நடந்தது. தண்டம் கட்டியது கிளி.

எங்கள் வெள்ளவத்தை மாடியில் மேல்வீட்டு அண்ணை ஒருவர் இருக்கிறார். லிப்ட் பழுதானால் அன்று கடைக்கே போகமாட்டார். ஆனால் வீரர்களின் உடற்தகுதி பற்றி அவரிடம்தான் கேட்க வேண்டும். 2018இல் அஞ்சலோ மத்யூஸை ஒருநாள் அணியிலிருந்து தூக்கியபோது காரணமாகச் சொன்ன கணக்கு அவருக்கு மனப்பாடம்: மத்யூஸ் சம்பந்தப்பட்ட ரன் அவுட் 64, அதில் 49 தடவை ஆட்டமிழந்தது மறுமுனையில் நின்றவர்.

"பாத்தியே தம்பி, ஆளுக்கு ஒண்டும் ஆகேல்லை!"

2022 ஜனவரியில் சட்டம் இன்னும் இறுகியது. 2 கிலோமீற்றரை 8 நிமிடம் 10 செக்கனில் ஓட வேண்டும். அது போதாதென்று இடுக்கி போன்ற கருவியால் தோலைக் கிள்ளிப் பிடித்துக் கொழுப்பையும் அளப்பார்கள். பானுக ராஜபக்ஷவுக்கு இந்தக் கிள்ளல் கொஞ்சமும் பிடிக்கவில்லை, வெளிப்படையாகவே முறையிட்டார். பிறகு முப்பது வயதில் ஓய்வுக் கடிதம் கொடுத்தார், அதே மாதம் திருப்பி வாங்கினார். செப்டெம்பரில் துபாயில் ஆசியக் கிண்ண இறுதிப்போட்டி. 58 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட் போயிற்று. அங்கே நின்று 45 பந்தில் ஆட்டமிழக்காமல் 71 அடித்துக் கிண்ணத்தைக் கொண்டுவந்தவர் அதே பானுக. அன்று அவர் தூக்கியடித்த பந்துக்கு இரண்டு பாகிஸ்தான் வீரர்கள் உயிரைக் கொடுத்து ஓடிவந்து, ஒருவரோடொருவர் முட்டிக்கொண்டார்கள். பந்து சிக்ஸராய்ப் போனது. அவர்களும் உடற்தகுதியில் தேறியவர்களாகத்தான் இருப்பார்கள்.

இதற்காக ஓடவே வேண்டாம் என்கிறேனா? இல்லை. கைக்கு வந்த கேட்சை விட்டுவிட்டு வானத்தைப் பார்ப்பவர்களை எத்தனை நாளைக்குத்தான் பார்ப்பது! ஆனால் தோல்வி என்றதும் அளவுநாடா வீரனின் இடுப்போடு நின்றுவிடுகிறது. கதிரையில் இருப்பவர்கள் பக்கம் அது திரும்புவதே இல்லை.

2023 நவம்பரில் ஒருதடவை திரும்பப் பார்த்தது. மும்பை வான்கடேயில் இந்தியாவிடம் 55 ஓட்டங்களுக்குச் சுருண்டோம். அமைச்சர் ரொஷான் ரணசிங்க கிரிக்கெட் சபையையே கலைத்தார். இடைக்காலக் குழுவின் தலைவராக அர்ஜுன ரணதுங்கவைப் போட்டார்: ஒற்றை ஓட்டங்களை நடந்தே எடுத்து, அந்தத் தொப்பையோடு 1996இல் உலகக் கிண்ணத்தையும் தூக்கியவர். மறுநாளே நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பழைய சபை பழைய கதிரைக்கு வந்தது. அரசியல் தலையீடு என்று ஐசிசி நாட்டையே இடைநிறுத்தியது. மாதம் முடிவதற்குள் ஜனாதிபதி அமைச்சரின் பதவியைப் பறித்தார்.

செய்தி வந்த இரவு அண்ணை படியிறங்கியே வந்தார்.

"தம்பி, இதுவும் ரன் அவுட்தான். மற்றப் பக்கம் நிண்டவை அப்பிடியே நிக்கினம், ஓடின மனுசன் வீட்டை போட்டார்."