முன்னிற்கும் பூஜ்ஜியம்: கோப்புரிமை இலக்கணத்தில் ஒரு சிற்றாய்வு

யுனிக்ஸ் மரபில் கோப்புக்கு இடம் மூன்று என்க. உரிமையாளர் தன்மை, குழுவினர் முன்னிலை, ஏனையோர் படர்க்கை. தொழிலும் மூன்றே: படித்தலுக்கு 4, எழுதலுக்கு 2, இயக்கலுக்கு 1. இடந்தோறும் கூட்டினால் கோப்புக்கு 644, ஃபோல்டருக்கு 755 என்பது உயர்ந்தோர் வழக்கு.

இடர்ப்பாடு ஷேர்டு ஹோஸ்டிங் என்னும் ஒண்டுக்குடித்தனத்தில் தொடங்குகிறது. பணம் கட்டியவர் எஃப்டிபி வழியே நுழையும்போது ஒரு பயனர். பழைய முறைப்படி அவருடைய பிஎச்பி ஸ்கிரிப்ட் ஓடும்போதோ அப்பாச்சி என்னும் வெப் சர்வரின் பயனர். ஸ்கிரிப்ட் ஒரு ஃபோல்டரை உண்டாக்கி உள்ளே படங்களைப் போட்டால் அத்தனையும் அப்பாச்சிக்கே சொந்தம். வாடகைக்காரர் அழிக்கப் போனால் ‘பெர்மிஷன் டினைடு’. உரிமையை மாற்றித்தர ரூட் என்னும் தலைமைப் பயனருக்கே அதிகாரம். ஆகவே, அழிப்பதற்கென்றே ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, அப்பாச்சியின் கையாலேயே அழிக்கவைப்பது அக்கால மரபு.

இதற்குப் பொறுமையில்லாதோர் கண்டதே 777 கோட்பாடு: எல்லார்க்கும் எல்லாம். அடுத்த வீட்டு ஸ்கிரிப்டும் ‘எல்லாரில்’ அடக்கம் என்பதை இவர்கள் ஆராய்ந்திலர். பின்வந்த சுபிஎச்பி, ஸ்கிரிப்டை உரிமையாளர் பெயரிலேயே ஓட்டி, 777 இட்ட கோப்பை இயல்பாகவே ஓட்ட மறுத்து, 500 என்னும் பிழையால் கண்டித்தது. தக்க தண்டனை.

புதுக் கோப்பு பிறக்கும்போதே அதன் உரிமைகளைக் குறைக்கும் யுமாஸ்க் பற்றி ஒரு மறுப்பு. அதைக் கழித்தல் என்று கற்பிப்போர் பிழைபட்டார். புதுக் கோப்பின் 666-இல் யுமாஸ்க் 033 போனால் 633; கணினி தருவதோ 644. அங்கே நடப்பது கழித்தல் அன்று, பிட் மறைத்தல்.

இனி ஆய்வின் உயிர்நிலை. உரிமை எண்ணை மாற்றும் பிஎச்பியின் சிஎச்மாட் கட்டளையில் 0644 என்று பூஜ்ஜியம் முன்னிட்டு எழுதினால்தான் அது எட்டை அடியாகக் கொண்ட எண்ம எண். பூஜ்ஜியத்தை விட்டால் தசம 644. அதை எண்மத்தில் எழுதினால் 1204. முதலிலுள்ள 1 வேறு கதை, விடுக. உரிமையாளருக்கு 2: எழுதலாம், படிக்க முடியாது. குழுவுக்கு 0. ஊராருக்கு 4. அதாவது எழுதியவர் படிக்காததை ஊரே படிக்கும். சிறுபத்திரிகைக்காரர் பொறாமைப்படத்தக்க நிலை. 755-க்கு அதே பிழை நேர்ந்தால் 1363: குழுவினர் படிப்பர், உரிமையாளர் படியார்.

பிஎச்பி 8.1 முதல் அந்தப் பூஜ்ஜியத்துக்குப் பின் ஆங்கில ‘ஓ’ எழுத்தையும் சேர்க்க இடமுண்டு. இரண்டும் பார்வைக்கு ஒன்றே ஆதலால் குழப்பம் இப்போது முறைப்படுத்தப்பட்டுள்ளது.

வாசகர் உடனே தம் கோப்புகளில் சிஎச்மாட் வருமிடங்களைத் தேடி, எண்ணுக்கு முன் பூஜ்ஜியம் நிற்கிறதா என்று பார்த்துவிடுக. 777 தென்பட்டால் விசாரணையின்றி மாற்றுக.